ஷில்லோங் சம்பந்தம்

கொலோன் தமிழ்ச் சனத்துக்குள் ஒரு கலியாணம் ஒப்பேறினால் அதில் பிளோறன்ஸின் கை எங்காவது இருக்கும். குருநகரில் பிறந்து, எண்பதுகளின் நடுவில் ஜெர்மனிக்கு வந்து, நிப்பெஸ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். யாருக்கு யார் என்ன முறை, எந்த வீட்டில் பெண் இருக்கிறது, எந்தப் பொடியன் விசா கிடைத்தும் இன்னும் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறான் என்றெல்லாம் விசாரிக்காமல் அவளால் இருக்க முடியாது. கணவர் ஜேசுரட்ணம் அதற்கு விடுப்பு, அதாவது ஊர்வம்பு, என்று பெயர் வைத்திருந்தார். அவள் அதை அக்கறை என்பாள்.

தொண்ணூற்றாறில் அந்த இல்லத்துக்குப் புதிதாக ஒரு தாதி வந்தாள். சின்ன உருவம், உயர்ந்த கன்னங்கள், இடுங்கிய கண்கள். சமையலறையில் எல்லாரும் அவளைப் பிலிப்பைன்ஸ்காரி என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிளோறன்ஸ் மட்டும் நேரே போய்க் கேட்டாள்.

"இந்தியா" என்றாள் தாதி.

"இந்தியாவோ? உண்மையாவோ?"

இருவரும் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில்தான் பேசினார்கள். பிளோறன்ஸின் டொச் சமையலறையில் படித்தது. தாதியின் டொச் பள்ளியில் படித்தது. ஆனாலும் ஒருவரை ஒருவர் நன்றாகவே விளங்கிக்கொண்டார்கள்.

"வடகிழக்கில் மேகாலயா. ஷில்லோங் பக்கம். நாங்கள் காசி மக்கள்."

"காசியோ? கங்கைக் கரையில இருக்கிற காசியோ?"

"இல்லை, அது ஊர். நாங்கள் ஒரு இனம். பேச்சும் வேறு, வழக்கமும் வேறு." அவள் பெயர் இபன்ரி தியெங்தோ. பெயரின் பின்பாதியைச் சொல்லிப் பார்த்துப் பிளோறன்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர்களைக் கூட்டாளிகள் ஆக்கியது வெற்றிலை. யாரோ ஒரு பிள்ளையின் ஞானஸ்நான வீட்டில் மிஞ்சிய வெற்றிலையையும் பாக்கையும் பிளோறன்ஸ் பையில் வைத்திருந்தாள். இடைவேளையில் பை திறந்தபோது இபன்ரியின் கை தானாக நீண்டது. சுண்ணாம்பு இல்லாமலே மடித்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் இதுதான், அக்கா. ஏழை வீடு, பணக்கார வீடு எல்லாம் ஒன்று. செத்துப்போனவரைப் பற்றிப் பேசும்போது, கடவுளின் வீட்டில் பாக்குப் போட்டுக்கொண்டிருக்கிறவர் என்போம்."

பிளோறன்ஸுக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. காலமான தன் தகப்பனை அப்படி நினைத்துப் பார்த்தாள். பொருத்தமாகத்தான் இருந்தது. மனுசன் மோட்சத்துக்குப் போயும் வெற்றிலைத் தட்டத்தைத்தான் தேடியிருப்பார்.

அன்றிலிருந்து இடைவேளைக்கு இடைவேளை கேள்வி. இபன்ரியும் சலிக்காமல் சொன்னாள். பிள்ளைகள் தாயின் வம்சப் பெயரைத்தான் தாங்குவார்கள். வீடு கடைசி மகளுக்கு. அவள்தான் பெற்றோரைப் பார்க்க வேண்டும், வீட்டுச் சடங்குகளைச் செய்ய வேண்டும், நொடித்து வருகிற அண்ணன் அக்காமாருக்குக் கதவு திறக்க வேண்டும். கலியாணம் கட்டுகிறவன் பெண் வீட்டுக்கு வந்துவிடுவான்.

"உதில என்ன புதினம்? எங்கடையிலும் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தானே. மாப்பிள்ளை அங்கதான் வந்து இருப்பார்" என்றாள் பிளோறன்ஸ்.

"அப்படியா! அப்போ நாம் ஒரே மாதிரி."

"ஓம். வீடும் குடுத்து, நகையும் போட்டு, மாப்பிள்ளைக்குக் கையில காசும் குடுப்பம்."

இபன்ரி மெல்லுவதை நிறுத்தினாள். "அவருக்கு எதற்குக் காசு? வீட்டுக்கு வருவதற்கா?"

பிளோறன்ஸ் யோசித்தாள். எத்தனையோ சீதனப் பேச்சில் முன்னுக்கு நின்றவள். ஆனால் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. "அது அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுப் பானை கழுவப் போனாள். அன்று முழுக்க அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த வருசம் கோடையில், இபன்ரி வாய் திறப்பதற்கு முன்பே பிளோறன்ஸ் கண்டுபிடித்துவிட்டாள். கோப்பி வாசத்துக்கு அவள் முகம் திருப்பிய விதமே போதும். தகப்பன் யென்ஸ் என்ற ஜெர்மன்காரன். முதியோருக்கு உடற்பயிற்சி கொடுக்க அந்த இல்லத்துக்கு வந்துபோனவன். இருவரும் ஒரு வருசம் பழகினார்கள், பிறகு பிரிந்தார்கள். பிள்ளை விசயம் பிரிந்த பிறகுதான் தெரியவந்தது. அவனிடம் சொன்னபோது, "என்ன சொல்வதென்று தெரியவில்லை" என்றானாம். பிறகு அவன் டுசல்டோர்ஃபுக்கு மாறிப்போனான். தொலைபேசியில் கூடக் கூப்பிடவில்லை.

"அப்ப பிள்ளைக்குத் தகப்பன் பேர்?" என்று பிளோறன்ஸ் பதறினாள்.

"பேர் இருக்கிறதே, அக்கா. தியெங்தோ."

தைரியத்துக்காக அப்படிச் சொல்கிறாள் என்று பிளோறன்ஸ் நினைத்துக்கொண்டாள். அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். "அந்தப் பெட்டைக்கு ஒரு வழி பண்ணவேணும்."

"அவ உம்மட்டைக் கேட்டவவோ?"

"கேட்டாத்தான் செய்யிறதோ?"

வழி வால்டோர்ஃபிலிருந்து வந்தது. பிளோறன்ஸின் தம்பி டக்ளஸ் அங்கே ஒரு பெரிய மென்பொருள் கொம்பனியின் உணவுச்சாலையில் வேலை செய்தான். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது, புதிதாக வந்திருக்கும் இந்திய எஞ்சினியர்மாரைப் பற்றிப் பகிடியும் பம்பலுமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். "அதில ஒருத்தன் அச்சு அசல் சீனாக்காரன் மாதிரி, அக்கா. கேட்டா ஷில்லோங் எண்டுறான்."

பிளோறன்ஸ் கதிரையில் நிமிர்ந்தாள். "கலியாணம் கட்டினவனோ?"

"அதை நான் என்னண்டு கேக்கிறது?"

"வாயாலதான் கேக்கிறது. கேட்டுச் சொல்லு."

டக்ளஸ் கேட்டுச் சொன்னான். பெயர் ஷான்போர் மாசார். கலியாணமாகவில்லை. நல்ல பழக்கவழக்கம். மிளகாய்த்தூள் இல்லாத சாப்பாட்டால் வாடிப்போயிருக்கிறான். காசி இனம்தான். அவன் மாசார், இவள் தியெங்தோ. சொந்தமாக இருக்க வழியில்லை என்று பிளோறன்ஸ் கணக்குப் போட்டாள். ஜெர்மனி முழுக்கத் தேடினாலும் இப்படி இன்னொரு சோடி அகப்படாது. கடவுள் இவர்களைத் தன் கையில் தந்திருக்கிறார் என்றே நம்பினாள்.

"பெட்டை வயித்தில பிள்ளையோட இருக்கிறாள் எண்டு பொடியனுக்குச் சொன்னனீரோ?" என்று ஜேசுரட்ணம் கேட்டார்.

"முதல் முகத்தைப் பாக்கட்டும். பிறகு மிச்சத்தைக் கதைப்பம்."

"மிச்சம்தான் கதவால முதல் வரும்" என்று அவர் பத்திரிகையை விரித்தார்.

அவர் சொன்னபடிதான் நடந்தது. அடுத்த ஞாயிறு டக்ளஸ் பொடியனைக் கூட்டிக்கொண்டு வந்தான். நண்டுக் கறியின் மணம் மாடிப்படி வரைக்கும் இறங்கியிருந்தது. இபன்ரிக்கு "உம்மட ஊர்க்காரர் ஒருத்தர் வாறார்" என்று மட்டும் சொல்லியிருந்தாள் பிளோறன்ஸ். இபன்ரி இரண்டு தோளிலும் ஊசி குத்தி உடுத்தும் தங்கள் ஊர்ப் பட்டுடுப்பில் வந்திருந்தாள். வயிறு அதற்குள் ஒளியவில்லை.

ஷான்போர் உள்ளே வந்தான். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "குப்லேய்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அது அவர்களின் வணக்கம். பிறகு இருவரும் தங்கள் மொழியில் ஏதோ கேட்டார்கள், பதில் சொன்னார்கள், மறுபடி கேட்டார்கள். பேச்சு வேகமெடுத்தது. இபன்ரி வாயைப் பொத்திக்கொண்டாள். ஷான்போர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தான். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வந்தது. அவன் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

பிளோறன்ஸ் கணவரின் விலாவில் இடித்தாள். "பாத்தியளோ? நான் பேசின சம்பந்தம் எது பிழைச்சிருக்கு?"

இபன்ரி திரும்பினாள். "அக்கா! உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன். இவன் என் தம்பி."

"எந்தத் தம்பி? உமக்கு இஞ்ச ஒருத்தரும் இல்லையெண்டீர்?"

"நேற்று வரைக்கும் இல்லை. இப்போது இருக்கிறான்."

கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்ற பிளோறன்ஸுக்கு ஷான்போர் டொச்சும் ஆங்கிலமும் கலந்து விளக்கினான். அவர்கள் வழக்கத்தில் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் முதலில் கேட்பது தாயின் வம்சத்தைத்தான். அதற்குக் குர் என்று பெயர். மாசார், தியெங்தோ என்று பெயர் வேறாக இருந்தாலும் இரண்டும் ஒரே ஆதித் தாயிலிருந்து கிளைத்த வம்சங்கள். ஒரு தாயின் வழி வந்தவர்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், முன்னே பின்னே கண்டிராவிட்டாலும், கூடப்பிறந்தவர்கள்தான்.

"அப்ப... கலியாணம்?" பிளோறன்ஸ் வாயைவிட்டு வந்துவிட்டது.

இருவரும் விறைத்துப்போனார்கள். சிரிப்பு நின்றது. ஷான்போர் பிடித்திருந்த கையை மெல்ல விட்டான்.

"அக்கா, அது சங்" என்றாள் இபன்ரி. "எங்களுக்கு அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. முன்பு அப்படிச் செய்தவர்களை ஊரைவிட்டே விலக்கினார்கள். செத்தாலும் அவர்கள் எலும்பை வம்சத்தின் கல்லறையில் சேர்க்க மாட்டார்கள்."

பிளோறன்ஸின் முகம் கறுத்துவிட்டது. தம்பிக்கு அக்காவைப் பேச விருந்து வைத்திருக்கிறாள். ஜேசுரட்ணம்தான் கை கொடுத்தார். மீன்பிடித் திணைக்களத்தில் வேலை பார்த்த காலத்தில் மட்டக்களப்பில் இருந்தவர் அவர். "அங்கையும் உப்பிடித்தான். தாய்வழிக் குடி பாப்பினம். ஒரே குடிக்குள்ள கட்டமாட்டினம். எங்கட யாழ்ப்பாணத்துச் சனத்துக்குத்தான் அது விளங்கிறதில்லை."

"ஏன், நாங்களும் பாக்கிறம்தானே" என்று பிளோறன்ஸ் ரோசப்பட்டாள். "பெரியப்பா, சித்தப்பா பிள்ளையளைக் கட்டுவமோ? மாமன்ட பிள்ளையைத்தானே கட்டுறம்."

"எந்த மாமன்?" என்றான் ஷான்போர்.

"தாய்க்குச் சகோதரம்."

காசிக்காரர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாய்மாமன் தகப்பனுக்குச் சமம் என்று மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டார்கள். ஆனால் இபன்ரி மூக்கைச் சுருக்கிய விதத்தைப் பார்த்து டக்ளஸ்தான் முதலில் வெடித்துச் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நண்டு ஆறுவதற்கு முன்னம் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஷான்போர் தன் அக்காவின் வயிற்றைப் பார்த்து மெதுவாகக் கேட்டான். அவளும் மறைக்காமல் சொன்னாள். பிளோறன்ஸ் பயந்துகொண்டிருந்தாள். அவனோ கோபப்படவில்லை, தலைகுனியவும் இல்லை. "அப்படியென்றால் நான் க்னி" என்றான்.

"அதென்ன?"

"தாய்மாமன். எங்கள் வீடுகளில் பிள்ளையின் நல்லது கெட்டது பார்ப்பவன் அவன்தான். சம்பந்தம் பேசப் போவதும் அவன். வீட்டில் மூத்த குரல் அவனுடையது." சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டான். "என் மாமாவுக்கு அறுபது வயது. நரைத்த மீசை. நான் அவ்வளவு பெரிய ஆளில்லை."

"பிள்ளைக்கு வீடு உண்டு, குர் உண்டு, இப்போது க்னியும் உண்டு" என்றாள் இபன்ரி. "பேருக்கு நான் ஒருநாளும் கவலைப்படவில்லை, அக்கா. இல்லாதது தகப்பன் பக்கம்தான். எங்களில் தகப்பனின் ஆட்களுக்குப் பெரிய மதிப்பு. பேர் வைக்கும் நாளில் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவராவது வந்து நிற்க வேண்டும். என் பிள்ளைக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. அதுதான்."

அவள் தைரியத்துக்காகப் பேசவில்லை என்பது அப்போதுதான் பிளோறன்ஸுக்கு விளங்கியது. இத்தனை மாதமும் இல்லாத குறைக்காக இரங்கிவிட்டு, உள்ள குறையைக் கேட்காமலே விட்டிருக்கிறாள்.

"யென்ஸின்ர விலாசம் இருக்கோ?" என்றாள்.

இபன்ரி யோசித்தாள். பிறகு, "இருக்கிறது" என்றாள்.

"தம்பி, ஒரு வீட்டுக் கதவைத் தட்டி உள்ள போய் இருந்து கதைக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும். என்ன கதைக்கவேணும் எண்டு உமக்குத் தெரியும். வாற சனி போவம்" என்று ஷான்போரிடம் திரும்பினாள் பிளோறன்ஸ்.

டுசல்டோர்ஃபுக்குப் போகும் ரயிலில் ஷான்போர் கழுத்துப்பட்டியை இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தான். பிளோறன்ஸ் சேலை உடுத்தியிருந்தாள். சம்பந்தம் பேசப் போகும்போது அவள் ஜீன்ஸ் போடுவதில்லை.

யென்ஸ் கதவைத் திறந்தான். உயரமான, களைத்த முகமுள்ள ஆள். பிளோறன்ஸை அவனுக்கு நினைவிருந்தது. ஷான்போரைக் காட்டி யார் என்று கேட்டதும், "இபன்ரியின் தம்பி, பிள்ளையின் தாய்மாமன்" என்று பதில் வந்தது. யென்ஸின் முகம் இறுகியது.

"வக்கீல் மூலம் பேசலாமே" என்றான். "கொடுக்க வேண்டியதைக் கொடுப்பேன். ஓடிப்போகிற ஆள் இல்லை நான்."

"நாங்கள் கேட்க வந்தது அதில்லை" என்றான் ஷான்போர். கழுத்துப்பட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தொடர்ந்தான். "பிள்ளை எங்களுடையது. எங்கள் வம்சத்தின் பேர் அதற்குப் பிறப்பதற்கு முன்பே இருக்கிறது. நீங்கள் என் அக்காவைக் கட்ட வேண்டும் என்றும் கேட்கவில்லை. அதெல்லாம் உங்கள் இருவரின் விசயம்."

"அப்புறம் என்ன வேண்டும்?"

"பிள்ளைக்குப் பேர் வைக்கும் நாளில் வந்து நிற்க வேண்டும். எங்கள் பழைய முறையில் அன்று தகப்பனுக்கென்று வேலை உண்டு. தன் இரத்தத்தில் பாதி எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். நீங்கள் வராவிட்டால் அந்த இடத்தில் நாங்கள் வேறு யாரையும் நிறுத்த முடியாது. அது சும்மா கிடக்கும்."

யென்ஸ் கதவை அகலத் திறந்தான். அவர்களை உள்ளே கூப்பிட்டுக் கோப்பி போட்டான். கோப்பி முடியும்போதுதான் வாய் திறந்தான். தகப்பன் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தனக்குத் தெரியாது என்றான். அவனுடைய தகப்பன் அவன் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டாராம். பயந்துவிட்டேன், அதுதான் உண்மை என்றான்.

ஒரு பேச்சுவார்த்தையில் எந்த இடத்தில் எழும்ப வேண்டும் என்று பிளோறன்ஸுக்குத் தெரியும். எழும்பினாள். "யோசியுங்கோ. சாப்பாடு என்ர பொறுப்பு" என்றாள். படியிறங்கும்போது ஷான்போர், "வருவாரா, கொங்?" என்று கேட்டான். கொங் என்றால் அவர்கள் மொழியில் அக்கா.

"தெரியேல்ல, தம்பி. கோப்பி தந்தவர். அது ஒரு நல்ல குறி."

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. பதிவு அலுவலகத்தில் ஒரு சிக்கலும் வரவில்லை. தாய் மணமாகாதவள் என்றால் பிள்ளைக்குத் தாயின் பேர்தான் என்பது ஜெர்மன் சட்டம். "இதுக்கோ நான் இவ்வளவு நாளும் நித்திரை கெட்டனான்?" என்று பிளோறன்ஸ் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள்.

இபன்ரி கத்தோலிக்கப் பெண்; ஞானஸ்நானம் பிறகு கோயிலில் நடக்க இருந்தது. ஆனால் ஷான்போரின் வீட்டார் இன்னும் பழைய சமயத்தில் இருப்பவர்கள். அந்த முறையில் ஒருமுறை பேர் வைத்துப் பார்க்க இபன்ரிக்கும் ஆசை. அவன் ஷில்லோங்குக்குத் தொலைபேசி எடுத்துத் தாயிடம் கேட்டு வைத்துக்கொண்டான். அரிசிமாவும் மஞ்சளும் பிளோறன்ஸிடம் இருந்தன. கருவாடு வேண்டும் என்றபோது அவள் மகிழ்ந்தே போனாள். எந்தக் கருவாடு என்று கேட்டு மூன்று வகை எடுத்து வைத்தாள். அரிசிச் சாராயத்துக்குப் பதிலாக ஜெர்மன் தானியச் சாராயம். அதை ஊற்றும் சுரைக்குடுவைதான் அகப்படவில்லை. கடைசியில் கொலோன் நகருக்குள் ஒரு கடையில், அர்ஜென்டினாக்காரர் தேநீர் குடிக்கும் குட்டிச் சுரைக்குடுவை ஒன்றை ஷான்போர் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான்.

இபன்ரியின் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஷான்போர் தொடங்க மனமில்லாமல் மாவைத் திரும்பத் திரும்பத் தட்டில் பரப்பினான். அழைப்பு மணி அடித்தபோது பிளோறன்ஸ்தான் ஓடினாள். வாசலில் யென்ஸ். கையில் பூங்கொத்து, அதை என்ன செய்வது என்று தெரியாமல் அவளிடமே நீட்டினான். இபன்ரி அவனைப் பார்த்தாள். பிள்ளையை அவன் கையில் வைத்தாள். அவன் மூச்சு விடக்கூட அஞ்சியவன் போலப் பிடித்துக்கொண்டான்.

மூன்று பேர்கள் சொன்னார்கள். ஷில்லோங்கிலிருந்து வந்த பேர் தபிஷா. பிளோறன்ஸ் கொடுத்தது மரியமலர்; அவளைக் கேட்டபோது கொஞ்சமும் பிகு பண்ணவில்லை. யென்ஸிடம் கேட்டபோது திகைத்து, பிறகு "ஹன்னா" என்றான். அது அவனுடைய தாயின் பேராம்.

ஷான்போர் வேண்டுதலைச் சொல்லிக்கொண்டே குடுவையிலிருந்து மாவின் மேல் சாராயத்தை ஊற்றினான். ஒவ்வொரு பேராகச் சொல்லும்போதும் குடுவையின் விளிம்பில் கடைசித் துளி நிற்கும். எந்தப் பேருக்கு அது விழாமல் அதிக நேரம் தொங்குகிறதோ அதுதான் பிள்ளையின் பேர். தபிஷாவுக்குத் துளி நின்று விழுந்தது. மரியமலருக்கு வந்த வேகத்தில் விழுந்தது; பிளோறன்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். ஹன்னா என்றபோது துளி விளிம்பில் பருத்து, நடுங்கி, அப்படியே நின்றது. விழவே மாட்டேன் என்றது. அறையில் ஒருவரும் அசையவில்லை. விழுந்தபோது இபன்ரி பெருமூச்சு விட்டுச் சிரித்தாள்.

"ஹன்னா தியெங்தோ" என்றான் ஷான்போர்.

மஞ்சள் கலந்த மாவைக் குழந்தையின் பாதத்தில் தடவ வேண்டும். யென்ஸின் விரல் குழந்தையின் பாதத்தைவிடப் பெரிதாக இருந்தது. தடவிவிட்டுத் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப இந்த வீட்டுச் சொத்து முழுக்க இவவுக்கோ? கடைசி மகளுக்குத்தானே எண்டீர். இவ ஒருத்திதான் எண்டால் இவதானே மூத்தவ, இவதானே கடைசி?" என்று பிளோறன்ஸ் இபன்ரியைக் கேட்டாள்.

"சொத்து என்றால் ஒரு கட்டிலும் ஒரு சைக்கிளும்தான், அக்கா. இன்னொருத்தி பிறக்காவிட்டால் இவளுக்குத்தான்."

யென்ஸ் காது சிவக்கக் கருவாட்டுத் தட்டைப் பார்த்தான்.

பாத்திரம் கழுவும்போது பிளோறன்ஸுக்கு அடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்று தட்டுத் துடைத்துக்கொண்டிருந்த ஷான்போரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "உண்மையாச் சொல்லும், தம்பி. மூண்டாம் தரம் கையைக் கொஞ்சம் நிமித்திப் பிடிச்சனீரோ?"

அவன் சிரித்தான். "என் மாமா என் தங்கைக்குப் பேர் வைத்தபோது நானும் இதையேதான் அவரிடம் கேட்டேன், கொங்."

"அவர் என்ன சொன்னவர்?"

"தட்டைத் துடை என்றார்."

பிளோறன்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த தட்டை அவனிடம் நீட்டிவிட்டு, அந்தத் தங்கச்சிக்குக் கலியாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள்.